தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு இத்தாலிச் சின்னம்: கெரென் சண்டையில் எதிரில் நின்ற ரெஜிமென்ட் எது?

மத்தூர் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

என் அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படையில், இருந்தவர். மத்தூர் பக்கம் ஒரு சின்ன கிராமம். அப்போது இதெல்லாம் சேலம் ஜில்லா. தர்மபுரி பிரிந்தது 1965-ல், கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல், அதனால் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சேலம் என்றுதான் எழுதியிருக்கிறது. 12 ஃபீல்டு கம்பெனி என்றும் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவர் தவறிவிட்டார்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் "கேரன்ல இருந்தப்ப" என்று ஆரம்பிப்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், கேரளாவைத்தான் சொல்கிறார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். கிழக்கு ஆப்பிரிக்காவில், அப்போது இத்தாலி ஆண்ட எரித்திரியாவில் கெரென் என்று ஒரு ஊர் இருப்பதும், 1941-ல் அங்கே பெரிய சண்டை நடந்ததும் எனக்குத் தெரிய வந்தபோது தாத்தா இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இனி கேட்க ஆள் இல்லை.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் அப்படியே நிற்கிறது. "நெட்ட நெட்டையா நின்னானுங்கடா, பனமரம் கணக்கா. நாங்க மேல ஏற ஏற குண்ட உருட்டி விட்டானுங்க. ஒருத்தனும் ஓடல." இதை ஒரு முறை அல்ல, பல முறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது.

போன மாதம் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தோம். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினால் உள்ளே ஒரு கம்பளி, அலுமினிய மக், ஆப்பிரிக்கா ஸ்டார் மெடல், அதோடு ஒரு சுருக்குப்பை. பைக்குள் பித்தளையில் ஒரு சின்னம். உருண்டையான குண்டு, அதன் வாயிலிருந்து தீ எரிவது மாதிரி. பின்பக்கம் மாட்டுவதற்கு இரண்டு வளையம். அம்மா நான் வருவதற்குள் புளி போட்டு ஒரு பக்கம் தேய்த்துவிட்டார், அந்தப் பக்கம் பளபளவென்று இருக்கிறது, மறுபக்கம் கறுத்துக் கிடக்கிறது.

இந்தச் சின்னம் எந்தப் படைப்பிரிவுடையது? அந்த நெட்டை ஆட்கள் யார்? இத்தாலிப் படை என்று தேடினாலே கேலிதான் வருகிறது, ஓடினார்கள், சரணடைந்தார்கள் என்று. தாத்தா சொன்னது அப்படி இல்லையே. அதனால்தான் கேட்கிறேன்.

ஓசூர் வாத்தியார்:

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லி அந்தச் சின்னத்தை இனிமேல் தேய்க்க விடாதீர்கள். கறுத்த பக்கம் அப்படியே இருக்கட்டும், ஒரு பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

அடுத்தது, எரியும் குண்டு என்றதும் இத்தாலி என்று முடிவு கட்ட வேண்டாம். பிரிட்டிஷ் ராயல் எஞ்சினியர்ஸ் காலரிலும் எரியும் குண்டு உண்டு, உங்கள் தாத்தா சாப்பர் என்பதால் அவர்களில் யாராவது ஒருவருடையதாகவும் இருக்கலாம். இத்தாலியர்களிலேயே இரண்டு பேர் அந்தக் குண்டை அணிந்தார்கள். ஒன்று கராபினியேரி, அதாவது போலீஸ் வேலையும் பார்க்கும் ராணுவப் பிரிவு. இன்னொன்று கிரானாடியெரி, கையெறி குண்டு வீசும் காலாட்படையாகத் தொடங்கியவர்கள். குண்டின் உருண்டையில் அரசரின் பெயர் எழுத்துகள் பொறித்திருந்தால் கராபினியேரி பக்கம் சாயலாம்.

ஆனால் நீங்கள் சொன்ன 'நெட்டை' என்ற வார்த்தை எனக்குப் பெரிய துப்பாகத் தெரிகிறது. கிரானாடியெரியில் உயரமான ஆட்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள், அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. கெரென் மலையில் 11-வது கிரானாடியெரி தி சவோயா ரெஜிமென்ட் நின்றது என்பதும் உறுதி. பைக்குள் துணி ஏதாவது இருந்ததா என்று இன்னொரு முறை பாருங்கள். காலரில் தைக்கும் பட்டை, அதில் ஐந்து முனை நட்சத்திரம். 1871-லிருந்து இத்தாலி ராணுவத்தில் எல்லோருக்கும் காலரில் அந்த நட்சத்திரம் உண்டு.

மத்தூர் பேரன்:

சார், இருக்கிறது! பையைத் தலைகீழாக உதறினேன். விரல் நீளத்துக்கு மடிந்து போன ஒரு துணி விழுந்தது. முதலில் சுருக்குப்பையின் கிழிந்த உள்துணி என்று நினைத்து விட்டிருந்தேன். வெளிப்பக்கம் பழுப்பேறி என்ன நிறம் என்றே சொல்ல முடியவில்லை. மேலே வெள்ளை நூலால் ஒரு பட்டை மாதிரி தைத்திருக்கிறது. நட்சத்திரம் இல்லை, ஆனால் அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை இருக்கிறது.

ஓசூர் வாத்தியார்:

இழுத்துப் பிரிக்காதீர்கள். பழைய துணி மடிப்பில்தான் முதலில் விடும். ஒரு ஈரத்துணி விரித்த தட்டில் அதைத் தொடாமல் மூடி ஒரு இரவு வையுங்கள், காற்றில் உள்ள ஈரத்திலேயே இளகும். மறுநாள் மடிப்பின் உள்பக்கம் என்ன நிறம் என்று மட்டும் பாருங்கள். சிவப்பு என்றால் கிரானாடியெரி. சிவப்புத் துணியில் வெள்ளைப் பட்டை அவர்கள் அடையாளம், அலமாரி என்பார்கள் அவர்கள் மொழியில். கராபினியேரிக்கும் அதே மாதிரி பட்டை உண்டு, ஆனால் துணி கறுப்பு.

பழைய பட்டாளம்:

நான் பாலக்கோடு பக்கம். மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். பேரனுக்கு முதலில் ஒரு சல்யூட், தாத்தாவின் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போடாமல் வைத்திருக்கிறீர்களே அதற்காக.

எங்களை வடக்கத்தி ரெஜிமென்ட்காரர்கள் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரே அதுதான். 1780-ல் தொடங்கிய படை, பெங்களூர் அல்சூரில் தலைமையகம், 1834-லிருந்து அங்கேதான். கிருஷ்ணகிரிக்காரனுக்கும் தர்மபுரிக்காரனுக்கும் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம், அதனால் எங்கள் பக்கத்திலிருந்து ஆள் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் தாத்தாவின் 12 ஃபீல்டு கம்பெனி, அப்புறம் 11 ஃபீல்டு பார்க் கம்பெனி, இரண்டு மெட்ராஸ் கம்பெனிகளும் 4-வது இந்திய டிவிஷனில் இருந்தவை. 1940 டிசம்பரில் எகிப்தில் சிடி பர்ரானி சண்டை முடிந்த கையோடு அந்த டிவிஷனை சூடானுக்குத் திருப்பினார்கள். அங்கிருந்து எரித்திரியா. ஜனவரி கடைசியில் அகோர்தாத் விழுந்தது, அடுத்து கெரென்.

கெரென் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். ரோடும் ரயில் பாதையும் ஒரே இடுக்கில் நுழைகின்றன அல்லவா, அதே மாதிரிதான் அங்கே தொங்கோலாஸ் பள்ளத்தாக்கு. ஆனால் இரண்டு பக்கமும் மலை 2000 அடிக்கு மேல் செங்குத்தாக நிற்கிறது, மரம் கிடையாது, நம் கிருஷ்ணகிரிப் பாறை மாதிரி மொட்டைப் பாறையும் முள்ளும்தான். அந்த இடுக்கைத் தாண்டாமல் எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவுக்கு டாங்கி போக முடியாது. இத்தாலியர்கள் என்ன செய்தார்கள் என்றால், ரோட்டின் மேலே தொங்கிய பாறையை வெடிவைத்துத் தகர்த்து சுமார் 200 கஜ தூரத்துக்குப் பாதையை மூடிவிட்டார்கள். மேலே எல்லா உச்சியிலும் மெஷின் கன், மார்ட்டர்.

அங்கே சாப்பர் வேலை என்பது இதுதான். காலாட்படை மலை ஏறும்போது வழி வெட்ட வேண்டும், கோவேறு கழுதை போகிற அளவுக்குத் தடம் போட வேண்டும், கண்ணிவெடி எடுக்க வேண்டும். தண்ணீரும் குண்டும் தோளில்தான் மேலே போயின, சண்டை போட வந்த படையில் ஒரு பகுதி ஆட்கள் சுமை தூக்குவதற்கே தேவைப்பட்டார்கள். கடைசியில் மார்ச் 25-ந்தேதி ரயில் சுரங்கப் பாதை வழியாக ஒரு பிரிகேடு புகுந்து தாக்கியது, அதன் பின்னால்தான் சாப்பர்கள் அந்தப் பாறைக் குவியலில் கை வைக்க முடிந்தது. இரண்டு நாளில் பாதை திறந்தது, 27-ந்தேதி டாங்கி உள்ளே போனது, கெரென் விழுந்தது.

பாறை உடைத்தவனுக்குத்தான் தெரியும். ஒரு கடப்பாறை பாறையில் நழுவும்போது உள்ளங்கையில் ஒரு அதிர்வு வரும், அது முழங்கை வரை ஏறும். அதை மேலிருந்து சுடுகிற ஆளுக்குக் கீழே நின்று செய்திருக்கிறார்கள்.

காவேரிப்பட்டணம் 77:

எல்லாம் சரி, ஆனால் இத்தாலிக்காரர்கள் சிடி பர்ரானியில் ஆயிரம் ஆயிரமாகச் சரணடைந்தவர்கள்தானே. பெங்களூர் ஜாலஹள்ளியில் இத்தாலிக் கைதிகள் முகாம் இருந்தது என்று எங்கள் பெரியப்பா சொல்வார். சண்டை போட்டிருந்தால் அத்தனை பேர் எப்படிக் கைதியாக வந்தார்கள்? கெரெனில் அப்படி என்ன வித்தியாசம்?

பழைய பட்டாளம்:

வித்தியாசம் எண்ணிக்கையிலேயே தெரியும் தம்பி. கெரெனில் நம் தரப்பில் 536 பேர் செத்தார்கள், 3229 பேருக்குக் காயம். பிப்ரவரி தொடக்கத்தில் ஆரம்பித்த சண்டை மார்ச் 27 வரை ஏழு வாரம் இழுத்தது. ஓடுகிற படையை எதிர்த்து ஏழு வாரம் யாரும் மலை ஏற மாட்டார்கள். ஆள் மட்டமா ஒசத்தியா என்பது நாட்டைப் பொறுத்தது இல்லை. பாலைவனத்தில் வண்டி இல்லாமல், டாங்கி இல்லாமல், சுற்றி வளைக்கப்பட்டவன் என்ன செய்வான்? அதே நாட்டுக்காரன் மலை மேல் நல்ல அதிகாரியோடு நிற்கும்போது வேறு ஆள்.

ஓசூர் வாத்தியார்:

சரி, பேரன் கேட்டது அந்த ரெஜிமென்டின் கதை. எனக்கு இதில் பல வருட ஆர்வம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கெரெனில் நின்ற 11-வது சவோயா ரெஜிமென்ட் புதியது. 1936-ல் எத்தியோப்பியாவைப் பிடித்த பிறகு அங்கே வைப்பதற்காக 'கிரானாடியெரி தி சவோயா' என்று ஒரு டிவிஷன் அமைத்தார்கள், அதில் வந்தது. ஆனால் அதன் வேர் மிகப் பழையது. 1659 ஏப்ரல் 18-ந்தேதி சவோய் நாட்டுக் கோமகன் இரண்டாம் கார்லோ இமானுவேலே டுரின் நகரில் ஒரு காவல் ரெஜிமென்டை அமைத்தார். அதுவரை போர் வந்தால் ஆள் பிடிப்பது, முடிந்தால் கலைப்பது என்று இருந்தது. போர் இல்லாத காலத்திலும் சம்பளம் கொடுத்து நிரந்தரமாக வைத்த படை இது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மதுரையில் திருமலை நாயக்கர் செத்த அதே வருடம். இத்தாலியக் காலாட்படையில் இதைவிட மூத்தது இல்லை.

குண்டுச் சின்னம் வந்த கதை அந்த நூற்றாண்டின் கடைசியில் இருக்கிறது. இரும்புக் குண்டுக்குள் மருந்து அடைத்து, திரி கொளுத்திக் கையால் வீச வேண்டும். திரி எவ்வளவு நேரம் எரியும் என்று தெரிந்தவன், கை நடுங்காதவன், தூரம் வீசுகிற நீளக் கை உள்ளவன் வேண்டும். அதனால்தான் உயரமானவர்களைப் பொறுக்கினார்கள். பிற்பாடு கையால் குண்டு வீசுவது போய்விட்டது, உயரமும் சின்னமும் தங்கிவிட்டன.

இவர்கள் பெயர் நிலைத்தது 1747 ஜூலை 19-ந்தேதி, ஆல்ப்ஸ் மலையில் அசியெட்டா என்ற மேட்டில். கிட்டத்தட்ட 2500 மீட்டர் உயரம். பிரெஞ்சுப் படை பல மடங்கு பெரியது, கல்லை அடுக்கிக் கட்டிய மறைப்புக்குப் பின்னால் டுரின் இருக்கிற பீட்மாண்ட் பகுதியின் படையினர். நிலைமை மோசமாகிறது என்று நினைத்துப் பின்வாங்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. காவல் படையினருக்குத் தலைமை தாங்கிய சான் செபஸ்தியானோ பிரபு மறுத்துவிட்டார், எதிரி முகத்துக்கு நேரே நிற்கும்போது முதுகைக் காட்ட முடியாது என்று. பிரெஞ்சுத் தளபதி பெல்-ஈல் அந்த மேட்டிலேயே செத்தார், பிரெஞ்சுக்காரர்கள் தரப்பில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பீட்மாண்ட் மக்களுக்கு 'போஜா நென்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, இடத்தை விட்டு அசையாதவர்கள் என்று பொருள். அது இந்தச் சண்டையில் வந்தது என்பார்கள்.

நம் ஊரிலும் அப்படி ஒரு மலை இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற ஆங்கிலேய அதிகாரி ராத்திரி நேரத்தில் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கினார். கீழே பேட்டையைப் பிடித்துவிட்டார், மேல் கோட்டையை நெருங்க முடியவில்லை. திப்புவின் ஆட்கள் மேலிருந்து பாறையை உருட்டி விட்டார்கள், ஏணியோடு ஆட்களும் நசுங்கினார்கள், திரும்பிப் போக வேண்டியதாயிற்று. சையத் பாஷா மலையில் ஏறியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கால் சொல்லும். உங்கள் தாத்தா "குண்ட உருட்டி விட்டானுங்க" என்று சொன்னதைப் படித்ததும் எனக்கு அந்த மலைதான் நினைவுக்கு வந்தது. இத்தாலியர்களின் கைக்குண்டு சிறியது, சிவப்பு வண்ணம் அடித்தது. சரிவில் மேலே இருப்பவன் அதை எறியக்கூட வேண்டாம், கையை விட்டாலே போதும்.

'சார்டீனியா' என்ற பெயர் இவர்களோடு ஒட்டிக்கொண்டது இன்னொரு கிளையால். 1744-ல் ஒரு கோமகன், சான் பியெத்ரோ பரம்பரை, தன் செலவில் சார்டீனியா ரெஜிமென்ட் என்று ஒன்றை எழுப்பினார். அது 19-ஆம் நூற்றாண்டில் காவல் படையோடு கலந்தது. அந்தக் குடும்பத்தார் ரெஜிமென்டுக்குச் செய்த கொடைக்காக ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி 18-ந்தேதி கோவிலில் பூசை வைக்கிறார்கள். இருநூறு வருடத்துக்கு மேலாக ஒரு பட்டாளம் தன் கொடையாளிக்குத் திதி கொடுக்கிற மாதிரி. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

1848 மே 30, கொய்தோ சண்டை. ஆஸ்திரியர்கள் அழுத்துகிற நேரத்தில் பட்டத்து இளவரசர் விட்டோரியோ இமானுவேலே "காவல் படையே, என்னிடம் வா" என்று கூவி முன்னால் போனார். 'ஆ மே லே குவார்தியே' என்ற அந்தக் கூவலே இன்றும் 1-வது ரெஜிமென்டின் முழக்கம்.

முதல் உலகப் போரில் இவர்கள் பட்டது மிக அதிகம். 1916 மே கடைசியில் ஆஸ்திரியர்கள் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கிவிடப் பார்த்தார்கள். அசியாகோ மேட்டுநிலத்தின் விளிம்பில் மோந்தே சென்ஜியோ என்று ஒரு மலை, அதைப் பிடித்துக்கொள்ள கிரானாடியெரி பிரிகேடை அனுப்பினார்கள். மே 29-லிருந்து ஜூன் 3 வரை நின்றார்கள். உணவு, தண்ணீர், பீரங்கி, எதுவும் சரியாக வந்து சேரவில்லை. பிரிகேடில் சுமார் 6000 பேர், 4000-க்கு மேல் இழப்பு. உச்சியின் ஒரு பக்கம் நேர்ச்செங்குத்துப் பாறை. கைகலப்பில் எதிரியைக் கட்டிப் பிடித்தபடியே சில வீரர்கள் கீழே விழுந்தார்கள், அந்த இடத்துக்கு 'கிரானாடியெரி குதித்த இடம்' என்றே பெயர்.

இந்த வரலாற்றையெல்லாம் பயிற்சி முகாமில் தினமும் சொல்லிக் கொடுத்து வளர்த்த ஆட்கள்தான் 1941-ல் உங்கள் தாத்தாவுக்கு எதிரில் நின்றார்கள். அடிஸ் அபாபாவிலிருந்து லாரிகளில் அடித்துப் பிடித்து வந்து சண்டை தொடங்கும் நேரத்தில் கெரென் உச்சிகளில் ஏறியவர்கள். பிரிக்ஸ் பீக் என்று நம் ஆட்கள் பெயர் வைத்த உச்சி பிப்ரவரியில் இரண்டு முறை கைக்கு வந்து இரண்டு முறையும் போனது. மார்ச் 16-ல் தொலொகொரொதோக் கோட்டை நம் பக்கம் வந்த பிறகும் அதைத் திரும்பப் பிடிக்க நாள் கணக்கில் மேல்விழுந்து வந்தார்கள். அந்த நாட்களிலேயே மார்ச் 17-ந்தேதி அவர்களுடைய பேர்பெற்ற ஜெனரல் லொரென்சினி குண்டு பட்டு இறந்தார்.

தாத்தா கோபமில்லாமல் சொன்னார் என்றீர்களே, எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

அரூர் வரலாறு:

நான் முதுகலை வரலாறு படிக்கிறேன். வாத்தியார் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒன்று சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. கெரெனில் இத்தாலித் தரப்பில் நின்றவர்களில் பெரும்பகுதி இத்தாலியர்களே இல்லை. எரித்திரிய அஸ்காரிகள், அதாவது அந்த நாட்டு மண்ணின் மைந்தர்கள், இத்தாலிச் சம்பளத்தில் இருந்தவர்கள். மத்தூரிலிருந்து போனவர் ஆங்கிலேயருக்காக அந்த மலையில் ஏறினார், அந்த மலைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர் இத்தாலியருக்காக அதே மலையில் நின்றார். இத்தாலித் தரப்பில் செத்த சுமார் 3000 பேரில் அவர்கள் நிறைய. கிரானாடியெரிக்கு 1659-லிருந்து எழுதி வைத்த வரலாறு இருக்கிறது, அஸ்காரிக்கும் நம் சாப்பருக்கும் அவ்வளவு இல்லை. அதனால் பேரன் அண்ணா, தாத்தா சொன்னதில் நினைவிருக்கிற ஒவ்வொரு வரியையும் அவர் பேசிய மாதிரியே எழுதி வையுங்கள், திருத்தாமல். "பனமரம் கணக்கா" என்பதெல்லாம் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காது.

கெரெனில் காமன்வெல்த் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்குத் தனி நினைவிடமும் உண்டு. இத்தாலியக் கல்லறையில் அஸ்காரிகளும் கிடக்கிறார்கள்.

காவேரிப்பட்டணம் 77:

நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தெரியாமல் கேட்டுவிட்டேன். அந்த ரெஜிமென்ட் அப்புறம் என்ன ஆனது?

பழைய பட்டாளம்:

கெரென் விழுந்த பிறகு அந்த 11-வது ரெஜிமென்டில் மிஞ்சியது சொற்பம். மே 19-ல் அம்பா அலாகி மலையில் அவர்கள் வைஸ்ராய் ஆவொஸ்தா கோமகன் சரணடைந்தார், அடுத்த வருடம் நைரோபியில் கைதியாகவே இறந்தார். பிடிபட்டவர்களில் ஏராளமானவர்களைக் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள், உங்கள் பெரியப்பா சொன்ன பெங்களூர் முகாம் அப்படி வந்ததுதான்.

ரோமில் இருந்த மூத்த கிளை 1943 செப்டம்பரில் வேறு ஒரு சண்டை போட்டது. இத்தாலி நேச நாடுகளோடு சண்டை நிறுத்தம் அறிவித்த அன்றே ஜெர்மானியர்கள் ரோமுக்குள் வரப் பார்த்தார்கள். மேலிடத்தில் ஒருவரும் உத்தரவு தரவில்லை, அரசர் ஊரை விட்டே போய்விட்டார். சோலினாஸ் என்ற ஜெனரலின் கீழ் கிரானாடியெரி டிவிஷன் மாலியானா பாலத்திலிருந்து போர்த்தா சான் பாவ்லோ வாசல் வரை செப்டம்பர் 8-லிருந்து 10 வரை ஜெர்மானியரை எதிர்த்தது. கடைசி நாளில் ஊர் மக்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அவர்களோடு நின்றார்கள். 1-வது ரெஜிமென்ட் இன்றும் ரோமில் இருக்கிறது, விழாக்களில் கரடித்தோல் தொப்பியோடு நிற்கிற உயரமான ஆட்கள் அவர்கள்தான்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது நம் ஆள் கதை. அதே 4-வது டிவிஷனில் 11 ஃபீல்டு பார்க் கம்பெனி என்றேனே, அதில் சுபேதார் சுப்பிரமணியம் என்று ஒருவர். காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கம் ஊர். 1944 பிப்ரவரி 24-ந்தேதி இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தபோது வெடிக்கப் போன கண்ணி மேல் தானே படுத்துத் தன் ஆட்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதை வாங்கிய முதல் இந்தியர். அந்த மிஞ்ஞானோவில்தான் அதற்கு இரண்டு மாதம் முன்னால், டிசம்பரில், மோந்தே லுங்கோ மலைக்காக இத்தாலியின் 67-வது காலாட்படை ரெஜிமென்ட் ஜெர்மானியரோடு சண்டை போட்டிருந்தது, நேச நாடுகள் பக்கம் நின்று. எதிரியாகக் கெரெனில் பார்த்த படையின் பங்காளிகள், மூன்று வருடத்துக்குள் ஒரே பக்கம்.

பேரா, பெங்களூர் வந்தால் அல்சூரில் எங்கள் மியூசியம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு வாருங்கள். சின்னத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், படம் போதும்.

மத்தூர் பேரன்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் தட்டைத் திறந்தேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தார். துணி தானாகவே பாதி விரிந்திருந்தது, மீதியை இழுக்கவில்லை.

மடிப்பின் உள்ளே சிவப்பு. மிளகாய்ப்பழச் சிவப்பு, கொஞ்சம் கூட வெளுக்கவில்லை. வெள்ளைப் பட்டையின் நுனி அதன் மேல் தெரிகிறது. நட்சத்திரம் இருந்த ஓட்டை ஒன்றில் இன்னும் காக்கி நூல் ஒரு முடிச்சு இருக்கிறது, யாரோ கையால் தைத்து முடி போட்டது. அம்மா அந்த முடிச்சைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒன்று நினைவு வந்தது, நான் கேள்விப்பட்டதே இல்லை. சின்ன வயதில் அவர் பெட்டியைத் திறந்து இந்தப் பையை எடுத்து விளையாடப் போனபோது தாத்தா திட்டாமல் வாங்கிக்கொண்டாராம். "அது என்து இல்லம்மா, ஒருத்தனோடது" என்றாராம்.

அரூர் தங்கை சொன்னபடி ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் இதைத்தான் எழுதினேன். பட்டாளத்து ஐயா, அடுத்த மாதம் மாங்காய் சீசன் முடிந்ததும் பெங்களூர் வருகிறேன்.

ஓசூர் வாத்தியார்:

துணியை நிழலில் ஆற விட்டு, மெழுகு இல்லாத வெள்ளைத் தாளில் தட்டையாக வையுங்கள். சின்னத்தையும் துணியையும் ஒரே பையில் போட வேண்டாம், பித்தளைப் பச்சை துணியில் ஏறிவிடும். எந்தப் பைக்குள் எது இருந்தது என்று மட்டும் ஒரு சீட்டு எழுதிக் கூடவே வையுங்கள்.